வலி முகரும் செடி

விதைக்கடையில் சுடலைராஜை ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனால் தனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

ஏசி போட்ட கடை. தரையில் முகம் தெரிந்தது. நகைக்கடையில் மோதிரம் வைப்பது போல நீல வெல்வெட்டில் குழி குழியாக விதைகளை வைத்திருந்தார்கள். கையுறை போட்ட பெண் ஒருத்தி ஒரே ஒரு விதையை இடுக்கியால் எடுத்து, டப்பாவில் போட்டு, சீல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். கஞ்சா விதை. இந்த விதை ஒட்டிய பொட்டலம் ஒன்று மடியில் இருந்ததற்காக, அவரோடு குடோனில் மூட்டை தூக்கும் கொம்பையா இளவட்டத்தில் உள்ளே போய், வெளியே வரும்போது முன்பல் இரண்டு இல்லாமல் வந்தார். அன்றைக்குக் கொம்பையாவை யாரும் சார் என்று சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை, பழைய கஞ்சா கேஸ் உள்ளவர்களுக்கு விதை கிடையாது என்று கடைவாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

சட்டம் மாறிவிட்டது. தீராத வலி உள்ளவர்கள் வீட்டுக்குள் பூட்டி வைத்து ஒரு செடி வளர்த்துக்கொள்ளலாம். சுகாதார நிலையத்தில் ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். குழாய் சிவந்தால் உரிமம். சுடலைராஜ் ஊதியதும் குழாய் மளமளவென்று சிவந்தது. உர மூட்டை தூக்கியே தேய்ந்த முதுகு அது. நர்ஸ் பார்த்துவிட்டு ‘அடேயப்பா’ என்றாள். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரைக் கடைக்குக் கூட்டி வந்தவன் ஆல்வின், கம்பெனி ஏஜென்ட். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. பார்க்கிறவர்களையெல்லாம் அண்ணாச்சி, அக்கா என்று உறவு கொண்டாடுவான். கடைவாசலில் டீ வாங்கிக் கொடுத்து விளக்கினான்.

“வலி இருக்கிறவங்க மூச்சுல ஒரு வாடை இருக்கு அண்ணாச்சி. நம்ம மூக்குக்குத் தெரியாது. இந்தச் செடிக்குத் தெரியும். அதுக்குத் தக்கன ஜீனை மாத்தி வச்சிருக்காங்க. பக்கத்துல படுத்திருக்கிறவருக்கு எவ்வளவு வலியோ, அவ்வளவு மருந்து பூவுல ஏறும்.”

“வலி இல்லன்னா?”

“வெறும் கீரை.”

கண்டுபிடித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். நோயாளிக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று டாக்டர் சொல்ல வேண்டியதில்லை, செடியே அளந்து கொடுத்துவிடும். அந்த நல்ல எண்ணம் ஒரு மழை வெயில்கூடத் தாங்கவில்லை. கடும் வலிக்குப் பக்கத்தில் வளர்ந்த பூவில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது என்று காசுள்ளவர்கள் கண்டுகொண்டார்கள். உடனே அவர்களும் விதை வாங்கி, பளிங்குத் தரையில் தொட்டி வைத்து, பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். கீரைதான் வந்தது. தலையை வலித்தால் உடனே மாத்திரை, இடுப்பைப் பிடித்தால் உடனே மசாஜ் என்று இருக்கிற வீட்டில் செடி எதை முகரும்? மில் முதலாளி ஒருவர் வெறும் கல்தரையில் ஒரு வாரம் படுத்துப் பார்த்துச் சளி பிடித்து எழுந்தாராம். ஒரு டாக்டரம்மா சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் செடிக்காகப் பொறுத்துக் கொண்டிருந்தாராம். கடைசியில் செடி தழைப்பதற்கு முன் கன்னம் வீங்கிவிட்டது. வலி அவர்கள் கைக்கு அடங்காத சரக்கு.

அதன் பிறகுதான் ஆல்வின்கள் வலி கொட்டிக் கிடக்கிற இடத்தைத் தேடி வந்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் தேவைக்குப் போக மிச்சமிருக்கும் பூவை விற்றுக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குள்தான் மொத்தக் கம்பெனியும் குடியிருந்தது. சுடலைராஜ் இருந்த குடியிருப்பில் ஒரு வீட்டிலாவது ‘தேவை’ என்று யாரும் ஒரு இதழைக் கிள்ளியது கிடையாது. எல்லாமே மிச்சம்தான்.

சுடலைராஜின் வீடு ஊருக்கு வெளியே, உப்பளத்தை ஒட்டிக் கட்டிய வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு அடுப்படி. அந்த ஹாலில் ஆல்வின் ஒரு கருப்புக் கூடாரத்தை நிறுத்தினான். உள்ளே செடிக்கு ஊதா வெளிச்சம், குளிர்காற்று, வேருக்கு வடிகட்டிய தண்ணீர். வெளியே ஒரு மீட்டர். செடி முகருகிற வலியின் அளவை அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும்; ஆல்வின் தன் வீட்டில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொள்வான். அவ்வளவு கரண்டை இழுக்கிற பிளக் வடக்குச் சுவரில் மட்டும் இருந்ததால் கூடாரமும் வடக்குச் சுவரோரம் நின்றது.

கூடார வாசலுக்கு நேராகத் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்றான் ஆல்வின். சுடலைராஜ் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வடக்கே தலை வைத்து எவனாவது படுப்பானா? பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள். செடிக்காக வலியைக் கொடுக்கலாம், ஆயுளைக் கொடுக்க முடியாது என்றார். ஆல்வினுக்கும் வீட்டில் அம்மா இருந்தாள். அதனால் அவனும் வற்புறுத்தவில்லை. சின்ன அறைதானே, மூச்சு எங்கே போய்விடும் என்று போய்விட்டான். ஆக, ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலில் சுடலைராஜ் தெற்கே தலையும் செடியின் பக்கம் காலுமாகப் படுத்தார். அவர் மனைவி பொன்னுக்கனி கூடார வாசலுக்குக் குறுக்கே தரையில் பாய் விரித்து, ஒருக்களித்துப் படுத்தாள். தண்ணீர்த் தட்டு நிரம்பி வழிந்தால் யாராவது எழுந்து கொட்ட வேண்டுமே. கூடாரத்தின் இடுக்கு வழியாக வருகிற கொஞ்சம் குளிர்ச்சியும் அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே உப்பளத்து வெக்கையில் மனுஷன் வெந்துகொண்டிருக்க, செடி போர்வை கேட்கிற குளிரில் நின்றது.

“அடுத்த சென்மத்துல செடியா பொறக்கணும் வே” என்று கொம்பையா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “அதுவும் உம்ம வீட்டுச் செடியா.”

அதன் பிறகு குடோன் வாசலில் பேச்சே மாறிப் போயிற்று. முன்பெல்லாம் வலி என்று சொன்னால் மேஸ்திரி அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்று ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். இப்போது வலிதான் சொத்து. எனக்கு நாலாவது எலும்பு விலகியிருக்கிறது, உனக்கு வெறும் சதைப்பிடிப்பு என்று இளப்பம் பேசினார்கள். ஒரு வீட்டில் மகன் அப்பனுடைய தைலப் புட்டியை ஒளித்து வைத்தான். இன்னொரு வீட்டில் மாமியாருடைய மூட்டுவலிக்கு மருமகள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டாள் என்று அடிதடியே நடந்தது. இரண்டாவது பிளாக்கில் கல்யாணத் தரகர், மாப்பிள்ளைக்கு நிரந்தர வலி உண்டு என்று சொல்லிப் பெண் கேட்டார். பெண் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

வருஷா வருஷம் கம்பெனி ஒரு விழாவும் எடுத்தது. கல்யாண மண்டபத்தில் மைக் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, சிறந்த வலியாளருக்குப் பொன்னாடை. அந்த வருஷம் சுடலைராஜுக்குக் கிடைத்தது. மேடையேறும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் நொண்டினார். கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசையில் பொன்னுக்கனி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளை நாற்காலி கொண்டுவந்து போட்டதற்கு, வேண்டாம், நிற்பதுதான் வசதி என்றாள்.

பொன்னாடை வந்த பிறகு வீட்டில் சுடலைராஜின் தோரணை கூடிவிட்டது. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. வலிக்கிற மனுஷன். காலையில் எழும்போது ஒரு முனகல், செருப்பு மாட்டும்போது ஒரு முனகல். குடோனில் கணக்குப் பிள்ளைக்கு உதவியாக நிற்கிற லேசான வேலையாகப் பார்த்துக்கொண்டார். பொன்னுக்கனி மட்டும் எப்போதும் போல இருட்டோடு எழுந்து சோறு பொங்கிவிட்டு உப்பளத்துக்குப் போனாள். வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பு வழியாக அம்பாரத்தில் கொண்டு தட்ட வேண்டும். உலகத்தில் எதற்கெல்லாமோ இயந்திரம் வந்துவிட்டது. இதற்கு வரவில்லை. இயந்திரத்தை விடப் பொம்பளை மலிவு. அவள் திரும்பி வந்து மெதுவாகக் காலை அகட்டி அகட்டி நடப்பதைச் சுடலைராஜ் பார்க்காமல் இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிற எல்லார் காலிலும் புண் இருக்கும். அதுதான் என்று விட்டுவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்து உப்பளத்தை மூடினார்கள். அந்த ஈரத்தில் சுடலைராஜின் முதுகு கொன்றெடுத்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி கத்தினார். அப்படிக் கத்தியும் மீட்டர் மஞ்சளுக்கு மேல் ஏறவில்லை. தன் வலியை ஒரு மீட்டர் நம்ப மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. ஆல்வின் வந்து காற்றில் ஈரம் அதிகம் என்று கண்டுபிடித்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைத் தொங்கவிட்டுப் போனான். தை பிறந்து உப்பளம் திறந்தார்கள். மீட்டர் பழையபடி சிவந்தது. பொட்டலத்தின் மகிமை என்று எல்லாருக்கும் திருப்தி.

அப்போதுதான் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முதுகு ஆபரேஷனுக்கு எப்போதோ பதிந்து வைத்திருந்தது. இப்போது முறை வந்திருக்கிறது, வருகிறாரா என்று கேட்டார்கள். விதை வாங்குவதற்கு முன்னால் இதே போனுக்காகச் சுடலைராஜ் கோயில் கோயிலாக வேண்டியிருக்கிறார். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரத்தைப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பெரியாஸ்பத்திரியிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்ன முதல் லோடுமேன் அவராகத்தான் இருப்பார்.

பொன்னுக்கனி போகச் சொன்னாள். செடி போனால் போகட்டும், முன்னே என்ன செடியை நம்பியா பிழைத்தோம் என்றாள். மகள் தர்ஷினி திருநெல்வேலியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அது முடிய வேண்டுமே என்றார் சுடலைராஜ். வாக்குவாதம் முற்றியபோது அவர் சொன்னார்:

“இந்த வீடே என் முதுகு மேலதான் நிக்கி. அதைப் போய் வெட்டச் சொல்லுத.”

பொன்னுக்கனி தண்ணீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள்.

ஆல்வினுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரு கூடைப் பழத்தோடு வந்தான். ஆபரேஷன் செய்து கொள்வது அண்ணாச்சியின் உரிமை, கம்பெனி தடுக்காது. ஆனால் வலி போய்விட்டால் உரிமமும் போய்விடும், கூடாரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னான். கம்பெனி குறிப்புப்படி அவர் ‘ஏ கிரேடு’ என்றும் சொன்னான். பள்ளிக்கூடத்தில் எந்த கிரேடும் வாங்காத சுடலைராஜ் அன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்தார்.

முதுகு அந்த முடிவைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாசி மாதம் ஒரு நாள் குடோனில் லாரிப் பலகை ஏறும்போது இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் மடங்கியது. விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. கொம்பையாவும் நாலு பேரும் லோடு ஆட்டோவில் சாக்கு விரித்து, மூட்டையைப் போல அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இப்போதே வெட்டாவிட்டால் கால் போய்விடும், ஒன்றுக்குப் போவதும் நின்றுவிடும் என்றார் டாக்டர். மயக்க ஊசி போடும் வரை சுடலைராஜ் கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: ஆல்வினுக்குத் தெரியக்கூடாது.

ஆண்கள் வார்டில் இரவு துணைக்கு ஆண்களை மட்டும்தான் விடுவார்கள். அதனால் கொம்பையா இருந்துகொண்டார். பொன்னுக்கனி உப்பளம் முடிந்து சாயங்காலம் சோற்றுத் தூக்கோடு வந்து, இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். அவள் வந்ததும் சுடலைராஜ் கேட்கிற முதல் கேள்வி, செடி எப்படி இருக்கிறது என்பதுதான். இருக்கு, என்பாள். வாடிவிட்டதா? இல்லை. மீட்டர் பச்சையாகிவிட்டதா? அதைப் பார்க்கவில்லை என்பாள்.

“பொஞ்சாதிகிட்டச் சாப்புட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டீரா வே?” என்றார் கொம்பையா ஒரு நாள், அவள் போன பிறகு. “செடி சாப்புட்டுச்சான்னு கேக்கீரு.”

சுடலைராஜ் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பும்போதுதான் கவனித்தார். வலிக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். இத்தனை காலமும் முதுகில் ஏறிக் குந்தியிருந்த ஒரு தடிமாடு இறங்கிப் போய்விட்டது. மனுஷன் சந்தோஷப்பட வேண்டிய இடம். அவருக்கோ மடியில் இருந்ததைப் பறிகொடுத்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தின் பக்கமே அவர் போகவில்லை. மீட்டரின் மேல் பொன்னுக்கனி துண்டைக் காயப்போட்டிருந்தாள். அதை விலக்கிப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. உள்ளே கீரைதான் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கட்டிலில் படுத்து, பழக்கத்துக்கு முனகிப் பார்த்தார். உப்பில்லாத முனகலாக வந்தது.

பூ வெட்டும் நாளில் ஆல்வின் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்ததும் சுடலைராஜின் பனியனுக்குள் கட்டுத் தெரிந்தது. மறைக்க வழியில்லை. விழுந்ததையும் வெட்டியதையும் சுடலைராஜ் தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்து, கூடாரத்தைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார்.

ஆல்வினுக்குப் புரியவில்லை. துண்டை எடுத்துவிட்டு மீட்டரைக் காட்டினான். உச்சி வரைக்கும் சிவப்பு. கூடாரத்தின் ஜிப்பை இறக்கினான். விரல் தடிமனுக்குப் பூக்கள், பிசின் பூத்து, கனத்தில் தலை குனிந்து நின்றன. அந்த வாடை அறையை நிறைத்தது.

“நான் போன்ல பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன் அண்ணாச்சி, ஒரு நாள்கூட இறங்கலை. ஆபரேஷன் பண்ணியும் வலி போகலையா? கர்த்தர் கிருபை.”

“எனக்கு வலி இல்ல தம்பி” என்றார் சுடலைராஜ். “கொஞ்சங்கூட இல்ல.”

ஆல்வின் பையிலிருந்து குழாயை எடுத்துக் கொடுத்தான். சுடலைராஜ் ஊதினார். வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தடவை ஊதச் சொன்னான். வெள்ளைதான். இந்த வீட்டில் வேறு யார் படுக்கிறார்கள் என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே அடுப்படிப் பக்கம் திரும்பினான். பொன்னுக்கனி வேலை கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான் அக்கா என்று புதுக் குழாயை நீட்டினான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, வாங்கி ஒரு தடவை ஊதினாள். லேசாகத்தான் ஊதினாள்.

குழாய் அடியிலிருந்து நுனி வரை சிவந்தது. அதற்கு மேல் சிவக்க இடமில்லை.

லாட்டரிச் சீட்டில் நம்பர் ஒத்துப் போனவன் பார்ப்பது போல ஆல்வின் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். “அக்கா” என்றான். “இத்தனை நாளும் நீங்கதானா?”

சுடலைராஜ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். ஐப்பசி மழையில் தான் கத்திய கத்தலும், ஏறாத மஞ்சளும் நினைவுக்கு வந்தன. தையில் உப்பளம் திறந்ததும் மீட்டர் சிவந்ததும் வந்தது. கண் முன்னால் கட்டில் கிடந்தது; தலை தெற்கே. அதன் கால்மாட்டில், கூடார வாசலுக்குக் குறுக்கே சுருட்டி வைத்த பாய். இத்தனை நாளும் செடி அவருடைய உள்ளங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. முகர்ந்தது வேறு ஆளை. அவர் போர்த்திக்கொண்ட பொன்னாடை அலமாரிக்குள் கண்ணாடித் தாளோடு மடித்து இருந்தது.

ஆல்வின் அதற்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டான். உரிமத்தை அக்கா பெயருக்கு மாற்றிவிடலாம், ஒரு கையெழுத்து போதும். இப்படி ஒரு சிவப்பை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை. அடுத்த விழாவில் பொன்னாடை அக்காவுக்குத்தான். ஒன்றே ஒன்று, என்ன வலியோ தெரியாது, வைத்தியம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். தர்ஷினி படிப்பு முடியட்டும்.

“மாத்திக்கிடுங்க தம்பி” என்றாள் பொன்னுக்கனி. “எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல.”

சுடலைராஜ் அவளைப் பார்த்தார்.

“எங்கட்டி வலிக்கு?”

அவள் ஆல்வினைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். ஓர் ஆம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்கிற இடம் இல்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. சுடலைராஜ் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். ஆல்வினைப் பிறகு வரச் சொன்னார். பூவை வெட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று ஆல்வின் கத்தரியை எடுத்தான்.

“சட்டத்துல என்ன போட்டிருக்கு தம்பி? வீட்டுத் தேவைக்குப் போக மிச்சம். தேவை இப்பதான் தெரிஞ்சிருக்கு. மிச்சம் இருந்தா கூப்பிடுதேன்.”

ஆல்வின் சிரித்தான். அந்த வரியை அவனிடம் இதுவரை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அண்ணாச்சி சும்மா சொல்கிறார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவார் என்று படியிறங்கினான்.

கதவைச் சாத்திய பிறகு அவள் சொன்னாள். கர்ப்பப்பை அடி இறங்கியிருக்கிறது. கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றும்போதெல்லாம் வெளியே தள்ளுகிறது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். உட்கார முடியாது, அதனால்தான் நிற்பது. மல்லாந்து படுக்க முடியாது, அதனால்தான் ஒருக்களிப்பது. உப்பளத்தில் பாதிப் பொம்பளைகளுக்கு இருக்கிறது. அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள்.

“எப்ப இருந்து?”

“தர்ஷினி பொறந்து, பச்சை உடம்போட கூடை தூக்கப் போனம்லா. அப்ப இருந்து.”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“நீங்க முனகுத சத்தத்துல நான் எங்க சொல்ல?” என்றாள் பொன்னுக்கனி. கோபமாகச் சொல்லவில்லை. ஃபேன் சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

சுடலைராஜ் ஆல்வின் விட்டுப்போன கத்தரியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் தலையை விட்டார். குனியும்போது தையல் இழுத்தது. இருக்கிறதிலேயே பெரிய பூவாகப் பார்த்து வெட்டினார். வெட்டிவிட்டாரே தவிர அதை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை எப்படிச் சாப்பிடுவது என்று அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. கொம்பையாவுக்குப் போன் போட்டார்.

கொம்பையா வந்து பூவைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு பல் இல்லாத வாய் சிரிக்கவில்லை. எந்தக் கைவேலைக்காக அன்றைக்கு உள்ளே போனாரோ அதே கைவேலையை அடுப்படியில் நின்று நிதானமாகச் செய்தார். பாலில் கலந்து, கருப்பட்டி போட்டு, தம்ளரில் கொஞ்சமாக ஊற்றினார். தங்கச்சி மெதுவாகக் குடிக்கட்டும், அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே நடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொன்னுக்கனி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“நாளைக்கு உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார் சுடலைராஜ்.

“வெட்டணும்னு சொன்னா?”

“வெட்டட்டும்.”

“அப்ப செடி?”

“கீரையாப் போச்சுன்னா கடைஞ்சு திம்போம்.”

அவள் குடித்தாள். பாயை எடுக்கப் போனவளைத் தடுத்து, கட்டிலைக் காட்டினார். ஃபேனுக்குக் கீழே. பகலில் படுத்தால் ஊர் என்ன சொல்லும் என்றாள். சொல்லட்டும் என்றார். தெற்கே தலை வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து சுவரின் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது கழன்றது போல, மல்லாந்தாள். கை ஒன்று கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்தது. அவள் குறட்டை விடுவாள் என்பதே சுடலைராஜுக்குப் புதிய செய்தி.

அவர் தரையில், கூடார வாசலில், அவளுடைய பாயில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் மீட்டர் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. மஞ்சளில் நிற்காமல் இறங்கிப் பச்சைக்குப் போனது. பச்சையைத் தொட்டதுதான் தாமதம், அலமாரியில் போன் அதிர ஆரம்பித்தது. அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று எட்டி எடுத்தார்.

ஆல்வின் பதறிப்போயிருந்தான். மீட்டர் விழுந்துவிட்டது, வயர் பிடுங்கிக்கொண்டதா, அங்கே என்ன ஆச்சு என்று கேட்டான்.

“ஒண்ணும் ஆகல தம்பி” என்றார் சுடலைராஜ், குரலைத் தாழ்த்தி. “ஒருத்தி தூங்குதா.”

எதிர்முனையில் ஆல்வின் மிகவும் மரியாதையாக, அக்கா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று கேட்டான்.